துண்டில்லாத தோள்

சந்தைக்குக் கிளம்பிய தரகர் சூசைமாணிக்கத்தின் தோளில் துண்டு இல்லை. மனைவி கித்தேரியம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"துண்ட எடுத்துக்கிடுங்க. தரகருங்கல்லாம் ஒண்ணுகூடி உங்கள ஒதுக்கி வச்சிட்டா, பிள்ளைகளோட நான் எங்க போவேன்?"

"வெளைய வச்சவன் பக்கத்துலயே நிக்கான். அவனுக்குத் தெரியாம, துண்டுக்கடியில வெரலப் பிடிச்சு வெல பேசுறது நாயமா? இனிமே வாயத் தொறந்துதான் வெல பேசணும்னு விவசாய சங்கத்துல முடிவாயிருச்சு."

"வெல வெளிய தெரிஞ்சா மொத அடி உங்களுக்குத்தான் விழும்."

அவர் சந்தையை நோக்கி நடந்தார்.

கொடைக்கானல் சந்தையில், மட்டக்குதிரைகளிலிருந்து இறக்கிய, தாங்கள் விளைவித்த உருளைக்கிழங்கு மூட்டைகளோடு பள்ளங்கி ஊர்ச் சம்சாரிகள் காத்திருந்தார்கள். வியாபாரி இப்ராம்சா பழக்கத்தில் கையை நீட்டினார்.

"துண்டு எங்க?"

"வாயால சொல்லுங்க பாய்." என்றார் சூசைமாணிக்கம்.

இப்ராம்சா தயங்கினார். பிறகு, வழக்கமாகக் கொடுக்கும் விலையை உரக்கச் சொன்னார்.

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த சம்சாரி ஒருவர் மெல்ல எழுந்து, சூசைமாணிக்கத்தின் முன்னால் வந்து நின்றார்.

"போன சந்தையில நீங்க எங்களுக்குச் சொன்ன வெல இதுல பாதிதான, தரகரே?"

முகத்தைத் துடைக்கத் தோளுக்குப் போன தரகரின் கை, அங்கேயே நின்றது.