மருமகள் ஓட்டும் பென்ஸ்

லண்டன் கிங்ஸ்பரியில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. வாசலில் நிற்கும் வெள்ளை பென்ஸ் காரின் முகப்பில் கட்டிய மல்லிகைச் சரத்திலிருந்து நீர் சொட்டுகிறது. மணப்பெண் ஜதுர்ஷிகா பட்டுச் சேலை கசங்காமல் பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கார் அவளுடைய அக்கா சுவர்ணாவுடையது. சுவர்ணா சாவியோடு முன்கதவைத் திறக்கும்போது தாய்மாமன் பத்மநாதன் குறுக்கே வந்து நிற்கிறார். "கலியாணக் காரைப் பொம்பிளைப்பிள்ளை ஓட்டுறதோ? சனம் என்ன சொல்லும்? பொறு, நான் வேறை ஆளைக் கூப்பிடுறன்." சுவர்ணாவின் கை கதவிலிருந்து இறங்கவில்லை. "மாமா, பென்ஸ் காரை முதன்முதல் தூரப் பயணம் கொண்டுபோனதே ஒரு பொம்பிளைதான். அந்தக் காரைச் செய்தவரின்ரை மனுசி, பெர்த்தா. புருசனுக்குச் சொல்லாமல் தன்ரை ரெண்டு பெடியங்களையும் ஏத்திக்கொண்டு நூறு கிலோமீற்றருக்கு மேலை ஓடினவ. எண்ணெய்க் குழாய் அடைச்சுப்போக, தன்ரை தொப்பியிலை குத்தியிருந்த ஊசியாலை குத்தி எடுத்தவ. அப்ப பெற்றோல் கடையே இல்லை; எண்ணெய் முடிய, மருந்துக்கடையிலை வாங்கி ஊத்தினவ." "மெய்யாவோ?" "ஓம் மாமா. அதுக்குப் பிறகுதான் சனம் காரையே நம்பினது." அவர் காரைப் பார்க்கிறார், பிறகு மருமகளைப் பார்க்கிறார். ஈர வெயிலில் அவளுடைய நெற்றி பளபளக்கிறது. வழியை விட்டுத் தெருவில் இறங்குகிறார். சரிகைச் சால்வை தோளில் பறக்க, நடுவீதியில் நின்று, வருகிற சிவப்புப் பேருந்தை இரண்டு கைகளாலும் மறிக்கிறார். ஓட்டுநருக்குத் தமிழ் தெரியுமா என்று அவர் யோசிக்கவேயில்லை. "கொஞ்சம் நில்லுங்கோ, தம்பி! என்ரை மருமகள் கார் எடுக்கிறா!"