முறத்தில் மூன்று இலை

“எள்ளுச் செடிங்க” என்றாள் பாஞ்சாலி.

தங்கம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. முறத்தில் அவள் வைத்திருந்தது துவரை இலை. மகனுக்குப் பெண் கேட்டு நல்லம்பள்ளியிலிருந்து இண்டூர் வரை வெயிலில் வந்தது இந்தக் கூத்தைப் பார்க்கத்தானா?

“ஏம்மா, உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது? எள்ளுக்குக் காம்புக்கு ஒரு இலைதான். இதுல பாரு, ஒரே காம்புல மூணு இலை, நீட்டமா, நுனி கூரா. இது துவரை!”

“நான் கேள்விப்பட்டது அப்படித்தானுங்க” என்று பாஞ்சாலி தலையைக் குனிந்துகொண்டாள்.

பரிசத் தட்டு இன்னும் மூடியபடியே இருந்தது. தங்கம்மாள் வீட்டு வழக்கம் அது. பெண்ணின் காட்டிலேயே இலை பறித்து முறத்தில் வைத்துப் பேர் கேட்பார்கள். சரியாகச் சொன்னால் பரிசம், இல்லாவிட்டால் வந்த வழியே நடை. பர்மா அரிசி நின்றுபோய், ராகியும் பயறும்தான் வயிற்றைக் காப்பாற்றுகிற யுத்த காலம். பயிரைக் களையென்று பிடுங்குகிற மருமகள் வாய்த்தால் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

இத்தனைக்கும் அவர்கள் வந்தபோது பாஞ்சாலி களைதான் எடுத்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிப் போட்ட குவியலைத் தங்கம்மாள் காலால் கிளறிப் பார்த்தாள். ஒரு பயிர்ச் செடிகூட அதில் இல்லை. தேவலையே என்று அப்போது நினைத்தது தப்பாகிவிட்டது. வேறு எவளோ பிடுங்கிய குவியலாக இருக்கும்.

எல்லாம் மகன் சின்னராஜ் செய்த வேலை. போன ஆவணியில் இண்டூர் மாமன் வீட்டுக்கு வந்தவன், ஆள் பத்தவில்லை என்று இந்தக் காட்டில் பத்து நாள் களையெடுத்தான். அதிலிருந்து கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று பெற்றவள் உயிரை வாங்குகிறான். இதில் என்னத்தைக் கண்டானோ!

“சரி, இது?” என்று நரிப்பயற்று இலையை நீட்டினாள்.

“பாகக் கொடிங்க.”

வரப்பில் நின்ற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். “நல்ல இடம்டி, கெடுத்துக்காதடி” என்று சாலம்மாள் மகளின் முதுகில் கிள்ளினாள்.

“பாகலா? அட கெரகமே! பாகலுக்கு இலை ஒண்ணு, கூடவே சுருள் கம்பி இருக்கும். இதுக்கு மூணு இலை, ஒவ்வொண்ணும் விரல் விரலாப் பிளந்திருக்குது. ஆடு மாடுக்குக்கூட இது தெரியும்!”

மூன்றாவது, பச்சைப் பிள்ளையும் சொல்லிவிடும் நிலக்கடலை. பாவம், தேறட்டும் என்றுதான் தங்கம்மாள் அதைக் கடைசியாக வைத்திருந்தாள்.

பாஞ்சாலி இலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “தகரைங்க. களை.”

தங்கம்மாள் முறத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். “தகரைக்கு ஆறு இலைடி! கடலைக்கு நாலே நாலு! எண்ணக்கூடவா தெரியாது? தின்ற சோத்துக்கு உப்பு வேற போட்டாங்களா உனக்கு?”

ஊர்ப் பெரியவர் வெங்கடாசலம் குறுக்கே வந்தார். “விடும்மா தங்கம்மா. சின்னப் பொண்ணு, பதட்டத்துல சொல்லிருச்சு. கலியாணத்துக்கு அப்பறம் பழகிக்கும்.”

“பழகறதா? அண்ணா, கடலையைத் தகரைங்கற ஜென்மம் ஆம்பளையோ பொம்பளையோ, என் காட்டு வரப்புல காலை வெக்கக் கூடாது. வெச்சா வெளக்குமாத்தாலயே சாத்துவேன். அப்படிப்பட்டதுக்குக் கலியாணம் ஒரு கேடா?”

சாலம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தங்கம்மாள் பரிசத் தட்டைக் கையில் எடுத்துவிட்டாள். இனி அந்தச் சம்பந்தம் இல்லை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அப்போதுதான் பாஞ்சாலி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“ஊரு முன்னால சொல்லிட்டீங்க. இனி பேச்சு மாற மாட்டீங்களே?”

“என் மண்ணு மேல சத்தியம். மாற மாட்டேன்.”

“அது போதுங்க. எள்ளு, பாகல், தகரைன்னு இந்தப் பேரெல்லாம் நானாச் சொல்லலீங்க. போன வருசம் ஒருத்தர் இப்படித்தான் சொல்லிச் சொல்லி எங்க கடலையில நாலு சால் செடியைப் புடுங்கிப் போட்டாரு. அது களை இல்லைங்கன்னேன். பொட்டச்சிக்கு என்ன தெரியும், வாயை மூடுன்னாரு.”

“அடப்பாவி! எவன்டி அந்த அறிவுகெட்ட முண்டம்?”

“உங்க மகன்தானுங்க.”