நிறம் வரும்வரை

உள்ளறைக் கதவைத் தள்ளியபோது அவன் நின்றுகொண்டிருந்தான்.

சுவரோரமாக, ஒரு தோளைக் கொஞ்சம் சாய்த்தபடி.

அவள் ஸ்விட்சைத் தட்டினாள். நீலம் வந்தது. நீலம் வந்ததும் அது சட்டையாகிவிட்டது.

இருட்டில் நிறம் கிடையாது. தோள் இருக்கும், கை இருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்கு அது போதும். அவர் வந்துவிட்டார் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடும். புத்தி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகத்தான் உள்ளே வரும்.

அந்த இடைவெளியில் அவளுக்குப் புருஷன் இருந்தான்.

கருமாதி முடிந்த கையோடு அவன் துணிமணிகளையெல்லாம் கொடுத்தாயிற்று. இந்த ஒன்று மட்டும் இஸ்திரிக் கடையில் கிடந்து, பிறகு வந்து சேர்ந்தது.

"இதையும் யாருக்காச்சும் குடுத்துரு தாயி. செத்தவன் துணி வீட்ல தொங்கக் கூடாது" என்றாள் அத்தை.

பெற்றவளுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ என்று இவளுக்கு ஆத்திரம். காதில் வாங்காமல் ஆணியில் மாட்டினாள்.

மருந்துக் கடையில் வேலை முடிந்து பஸ் ஏறும்போதே மனம் பறக்கும். சீக்கிரம் வந்துவிட்ட நாட்களில், இருட்டட்டும் என்று தெருமுனையிலேயே நிற்பாள். கல்யாணமான புதிதில்கூட அவனுக்காக இப்படித் தவித்ததில்லை.

ஆனால் புத்தி லேசுப்பட்டதா? பழகிக்கொண்டது. போகப்போக, இருட்டிலேயே சட்டை சட்டையாகத் தெரிந்தது.

இடத்தை மாற்றிப் பார்த்தாள். ஜன்னல் கம்பி. பீரோக் கதவு.

மாட்டிய கைக்குத் தெரியாதா மாட்டிய இடம்?

இந்தத் தடவை அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை, பயமாக இருந்தது.

ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பும்போது, சட்டையை எடுத்து அத்தையின் மடியில் வைத்தாள்.

"நீங்களே எங்கயாச்சும் மாட்டி வைங்க அத்தை. எங்கன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க."

கேட்டுவிட்டாளே தவிர, முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவாளோ என்று நாள் முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

சாயங்காலம் வந்தபோது வீடு மொத்தமும் இருட்டாகக் கிடந்தது. விளக்கு வைக்க ஒரு நிமிஷம் பிந்தினாலும் தெருவுக்கே கேட்கக் கத்துகிறவள் அத்தை. என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய் ஸ்விட்சைத் தேடினாள்.

"போடாத தாயி."

கட்டில் பக்கமிருந்து அத்தையின் குரல்.

"எங்க மாட்டுனேன்னு எனக்கே மறந்துபோச்சு. வா, பக்கத்துல வந்து உக்காரு. எங்க நிக்கிறான்னு பாப்போம்."