திரையில் தெரியாத கை

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு நாயின் முதுகில் கிடக்கிறது. மகள் காலேஜில் படித்தபோது சாக்கடையிலிருந்து தூக்கி வந்த நாய். கிழடு தட்டிவிட்டாலும் பேர் என்னவோ துரைதான். அம்மா தரையில் உட்கார்ந்து, துரையின் முகமும் வாலும் தெரியும்படி செல்போனைத் திருப்பிப் பிடித்திருக்கிறாள். வீடியோ காலில் மகளின் முகம் நாய்க்கு. அம்மாவுக்குப் போனின் முதுகு. "துரை! டேய் தங்கம்! அக்கா பேசுறேன்டா!" வெளியூரில் வேலை பார்க்கும் மகளின் குரல் காலி வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. அவள் எங்கிருந்தோ கொண்டு வந்த ஒற்றைக்கண் பூனைகூட பிரிட்ஜ் மேலிருந்து தலையைத் தூக்குகிறது. துரை அசையவில்லை. அதற்குக் காது கேட்காமல் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. அதைப் பற்றி அம்மா மகளிடம் மூச்சுக்கூட விடவில்லை. நாயின் வயிற்றுக்கு அடியில் மறைந்திருக்கும் அவள் வலது கை மெல்லச் சொறிகிறது. வால் தரையில் பட்பட்டென்று அடிக்கிறது. "பாத்தியாம்மா, என் குரலைக் கேட்டதும் எப்படி ஆட்டுறான்! இவனுக்காகத்தான் எவ்வளவு வேலை இருந்தாலும் தினமும் கூப்பிடுறேன்." "ஆமாடி, உன் சத்தம் கேட்டா அவனுக்குத் தலைகால் புரியாது." "சரிம்மா, மீட்டிங் இருக்கு, வச்சிடுறேன்." அம்மா அவசரமாகப் போனைத் திருப்புவதற்குள் திரை கறுத்துவிடுகிறது. சொறிகிற கை மட்டும் நிற்கவில்லை. வெயில் முதுகிலிருந்து இறங்கித் தரைக்குப் போய்விட்டது. அவள் குனிந்து, அந்தக் கேட்காத காதில் சொல்கிறாள்: "நாளைக்கும் இருடா, ராசா."