எண்ணெய்க் கை

ஓட்டுக் கண்ணாடி வழியாக இறங்கும் காலை வெயில், தறியிலிருக்கும் மாம்பழ நிறப் பட்டில் சரியாக அந்தக் கறையின் மேல் விழுகிறது. பெருவிரல் அகலத்துக்கு எண்ணெய். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் சுப்பராயலு, ஊடை இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டார். "அடுப்பாண்ட இருந்த கையோட இத்த தொட்டியா? கல்யாணப் புடவைடி. மொதலாளி மூஞ்சிலயே வுட்டெறிவான்." மனைவி கன்னியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி நிற்கிறாள். கதவோரம் நிற்கும் மகள் ஹேமாவதி இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொள்கிறாள். நேற்று சாயங்காலம், அப்பா இல்லாத நேரத்தில், அறுந்த இழை ஒன்றை முடிந்துவிட்டது அவள்தான். நாளெல்லாம் யார் யார் முதுகிலோ எண்ணெய் தேய்த்து அழுத்திவிட்டு வந்த கை. எத்தனை சோப்பு போட்டாலும் அந்த எண்ணெய் போவதில்லை. வீட்டின் முதல் பட்டதாரி தெரபி சென்டரில் கணக்கு எழுதுகிறாள் என்றுதான் அப்பா நம்பி, தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். டிகிரியைப் பார்த்து ஆரணியில் ஒருத்தனும் வேலை தரவில்லை, கையைப் பார்த்துத்தான் தந்தார்கள். அதில் அவளுக்கு வெட்கமில்லை. அம்மா திட்டு வாங்கும்போது வாய் திறக்காமல் நிற்கிறாளே, அதுதான் வெட்கம். கன்னியம்மாள் குனிந்து கறையை முகர்கிறாள். யூகலிப்டஸ் வாசனை. நிமிர்ந்து மகளை ஒருமுறை பார்க்கிறாள். "ஆமாங்க, என் கைதான். தாளிச்சிகினு இருந்தவ அப்படியே வந்துட்டேன். ஹேமா, அந்தப் பவுடர் டப்பாவ எட்தா." எடுத்துக் கொடுக்கக் கையை வெளியே நீட்டித்தான் ஆகவேண்டும். அப்பா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். டப்பாவை வாங்குகிற சாக்கில், அழுத்தி அழுத்தி வீங்கிப்போன மகளின் பெருவிரலை அம்மா மெதுவாகப் பிடித்துவிடுகிறாள்.