பண்ணையாரின் மீசை

பண்ணையாரின் மீசை இடது முனையில் உரியத் தொடங்கியதை, அந்தத் திடலில் உத்தமன் ஒருவனே கண்டான்.

கண்டான்; கலங்கினான்.

அது கடைசிக் காட்சி. ஞாயிறு மாலை, ஐந்து மணி வெயில். ஒக்கலிபுரத்துத் திடலில் ஐந்நூறு பேர் மூச்சைப் பிடித்து அமர்ந்திருக்கிறார்கள். சீர்திருத்த வீரன் செழியன், சேரிக்குக் கிணற்றை மறுத்த பண்ணையாரின் சட்டையைப் பற்றியிருக்கிறான். செழியனாக நிற்கும் உத்தமனின் வலக்கை ஓங்கியிருக்கிறது. இந்த நொடியில் மீசை மண்ணில் விழுமானால், சாதியை எரிக்க எட்டு வாரமாக மூட்டிய தீ ஒரே சிரிப்பில் அணைந்துபோகும்.

அதனினும் பெரிய ஆபத்து முதல் வரிசையில் அமர்ந்திருந்தது. ரயில் நிலையத்துப் பின்வாசலில் பூ விற்கும் சந்திரம்மா. அவன் காதலி வனஜாவைப் பெற்றவள்.

மேடையில் மதில்களைச் சொல்லால் தகர்ப்பவன் உத்தமன். ஆயினும் வேறு சாதிக்காரியான அந்தப் பூக்காரியின் முன் நின்று, ‘உங்கள் மகளை எனக்குத் தாருங்கள்’ என்ற நான்கு சொற்களைச் சொல்ல அவனுக்கு ஓராண்டாக நா எழவில்லை.

இன்று காலை வனஜா கெடு வைத்துவிட்டாள்.

“நாடகம் முடிஞ்சதும் எங்கம்மாகிட்ட நீ பேசுற. இல்லன்னா வர்ற ஞாயிறு கோலார் மாப்ள எங்க வூட்ல பஜ்ஜி துன்னுட்டு, தேதியும் குறிச்சிட்டுப் போயிடுவான். அப்புறம் நீ பண்ணையார அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன?”

சந்திரம்மாவோ எட்டு வாரமும் நாடகம் பார்க்க வந்தவள். ‘பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸுல பொண்ணுக்கு ஞாயிறும் ஓவர்டைமாம். நான் மட்டும் வூட்ல குந்திகினு என்னா பண்றது?’ என்பாள். வந்தவள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகவில்லை, ஆராய்ந்தாள். செழியனுக்குப் பண்ணையார்மேல் பகையே இல்லை, உள்ளூரப் பாசம்தான் என்பது அவள் கட்சி. டீக்கடை ரெமிஜியஸ் எதிர்க்கட்சி.

வாரம் முழுதும் வாதம். பண்ணையார் ஒளிந்திருந்த அறை தெரிந்தும் செழியன் அவரைப் போலீசிடம் காட்டிக்கொடுத்தானா? பிடுங்கிய சாட்டையை ஒடித்தானா, பதமாகச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தானா? பண்ணையார் இருமினால் இவன் வசனம் ஏன் இடறுகிறது? ரெமிஜியஸ் அதைப் பெருந்தன்மை என்பான். ‘போய்யா! பெருந்தன்மைக்குக் கண்ணு கலங்குமா?’ என்று சந்திரம்மா பூப்பந்தைத் தூக்கி அடிப்பாள். பூ வாங்க வந்தோரும் டீ குடிக்க வந்தோரும் இரு அணியாகப் பிளந்து கிடந்தார்கள்.

நாடகத்தை எழுதிய இளங்கோவன் தலையில் அடித்துக்கொண்டான். ஏழு வாரமாக உத்தமனின் அறை பண்ணையாரின் கன்னத்தைத் தொட்டதே இல்லை. “அறையாடா அது? ஆசீர்வாதம்!”

நாடகத்தை நடத்தும் மன்றத்தின் துண்டறிக்கையில் பண்ணையாராக நடிப்பவர் பெயர் மட்டும் இராது. வில்லன் யாரெனத் தெரிந்தால் தெருவில் கல்லெறி விழும் என்பது மன்றம் சொன்ன காரணம்.

மீசை இன்னும் அரை அங்குலம் இறங்கியது. கறுப்புக் கண்ணாடியின் மேல்விளிம்பில் பண்ணையாரின் கண்கள் கெஞ்சின.

உத்தமன் முழங்கினான்: “மனிதனைத் தீண்டாதே என்றவனே! இதோ, தீண்டுகிறேன்!”

ஓங்கிய கை இறங்கியது. அறையவில்லை, கன்னத்தை ஏந்தியது. கட்டைவிரல் மீசையை மெல்ல அழுத்தியது.

பசை பிடிக்கப் பத்து எண்ண வேண்டும்.

எண்ணினான். ஐந்தில், பண்ணையாரின் உதடு சிரிப்பை அடக்கத் துடித்தது. ஏழில், அவன் உதடும் துடித்தது. எட்டில், மைசூர் ரயில் ஊதியது.

ஒன்பதில், சந்திரம்மா எழுந்தாள்.

“பாத்தியா ரெமிஜியஸ்! நான் சொன்னேனா இல்லியா? யோவ், நாடகம் எழுதுன புண்ணியவானே, பண்ணையாரத் தொரத்தாதய்யா! ரெண்டு பேரையும் சேத்து வை!”

“சேத்து வை! சேத்து வை!” என்று திடல் அதிர்ந்தது. ரெமிஜியஸே விரல் மடித்துச் சீழ்க்கை அடித்தான். இளங்கோவன் ஓடிவந்து தன் கையாலேயே திரையை இறக்கினான்.

திரை இறங்கிய மறுகணம் பண்ணையார் உடை மாற்றும் தட்டிக்குப் பின்னால் பாய்ந்தார்.

உத்தமன் வியர்வை துடைத்துத் திரும்பினால், எதிரே பூக்கூடையுடன் சந்திரம்மா நின்றிருந்தாள்.

நான்கு சொற்கள். முதல் சொல்லுக்காக வாயைத் திறந்தான்.

அவள் கூடைக்குள் கைவிட்டு, ஒரு சிறிய தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து நீட்டினாள்.

“இத அந்தப் பண்ணையாருகிட்டக் குடு தம்பி. மீசைப் பசைய சோப்பு போட்டுத் தேச்சா போவாது, எண்ண தடவணும். எட்டு வாரமா ஓவர்டைமுன்னு போயிட்டு மேலுதடு செவக்கச் செவக்க வூட்டுக்கு வரா. பெத்தவளுக்குத் தெரியாதா? கோலார் மாப்ளய வர வேணான்னு நேத்தே சொல்லியனுப்பிட்டேன்.”

ஐந்நூறு பேர் நடுவே முழங்கிய வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

“அத்தே...”

தட்டிக்குப் பின்னிருந்து, பண்ணையாரின் வளையல் கழற்றிய கை ஒன்று மெல்ல நீண்டு, புட்டியை வாங்கிக்கொண்டது.