முழங்கை உயரம்

அப்பா நெட்டை, அம்மா குட்டை. அப்பா செத்தபின் அவருடைய மரக்கடைசல் இயந்திரத்தில் அம்மாதான் நாற்காலிக் கால் கடைகிறாள். அவர் உயரத்துக்குச் செய்த இயந்திரம் அவள் கழுத்தளவு நின்றது. தோள்வலியில் அவளால் சீப்பைக்கூடத் தூக்க முடியவில்லை. முழங்கை உயரத்துக்கு இறக்க, இயந்திரத்தின் மரக்கால்கள் நான்கிலும் ஒரு சாண் அறுத்தேன். மரத்தூள் ஈரமாகப் பிசுபிசுத்தது. துவைக்காத காலுறை நாற்றம் குமட்டியது.

“மூக்கப் பொத்திக்கிட்டு அறுடா, மகாராசா!” என்றாள் அம்மா.

மறுநாள் காலை இயந்திரம் பழைய உயரத்துக்கே வளர்ந்து நின்றது. ஒவ்வொரு கால் நுனியிலும் தடித்த மஞ்சள் நகங்கள், இடுக்கில் கறுப்பு அழுக்கோடு. எனக்கு வாந்தி வந்தது. அம்மாவுக்குக் கோபம் வந்தது.

“உங்கப்பா உசுரோட இருந்தப்பவும் இதே கதிதான். நானே வெட்டிவிட்டாத்தான் மனுசன் எறங்கி வருவாரு.”

நகவெட்டியோடு கீழே உட்கார்ந்தாள். இயந்திரம் ஒரு காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தது.